ஐப்பசி வானில் கழுகு வழி



ஐப்பசி, கார்த்திகை என்று சொன்ன மாத்திரத்தில் தமிழ்நாட்டில் பிறந்தவர்களின் நினைவில் அடைமழை வந்து நிற்கும். குடையும் சேறும், காயாத துணிகளும், தீபாவளிக்கு முதல் நாள் நமுத்துப்போன பட்டாசும் அந்த மாதங்களின் அடையாளங்கள். அலுவலின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் வடக்கே வந்து குடியேறிய நம்மவர்களுக்கு இங்குள்ள ஐப்பசி முதலில் விசித்திரமாகவே தோன்றும். தென்மேற்குப் பருவமழை புரட்டாசியோடு விடைபெற்றுவிடுகிறது. சமவெளி நகரங்களில் புகைமூட்டம் கவிந்திருந்தாலும், இமயத்தின் அடிவாரத்து மலை ஒன்றில் ஏறிவிட்டால் வானம் கழுவித் துடைத்த பலகைபோல் விளங்குகிறது. அந்த வானத்தில், நம்மில் மிகப் பலரும் அண்ணாந்து பாராத ஒரு பெரும்பயணம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இமாசலப் பிரதேசத்தில் காங்கிராப் பள்ளத்தாக்கு என்று ஒன்று உண்டு. அதன் வடபுறத்தில் தவளதார் என்னும் மலைத்தொடர் மதில்போல் எழும்பி நிற்கிறது. படிப்படியாக உயர்வது அதன் இயல்பு அன்று. தேயிலைத் தோட்டங்களும் நெல்வயல்களும் உள்ள தாழ்நிலத்திலிருந்து, இடையில் சிறு குன்றுகளின் முன்னறிவிப்புக்கூட அதிகம் இன்றி, 4,500 மீட்டருக்கும் மேலான பனிச் சிகரங்கள் ஒரேயடியாக எழுகின்றன. அம்மதிலின் தோளில் அமைந்ததே தர்மசாலை நகரம். பதான்கோட்டில் ரயிலை விட்டு இறங்கி, பேருந்தில் சில மணி நேரம் சென்றால் அடைந்துவிடலாம். நகருக்கு மேலே, 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டி, தேவதாருக் காடுகளுக்கு இடையே திறந்த மேடுகள் பல உள்ளன. வடக்கே பனிமலை; தெற்கே நெடுந்தொலைவுக்குச் சமவெளி; தெளிந்த நாளில் பியாசு நதியின் குறுக்கே கட்டிய பாங் அணையின் நீர்ப்பரப்பும் தகடுபோல் மின்னும். ஐப்பசி மாதத்தில் இத்தகைய மேடு ஒன்றில் முற்பகல் ஒன்பது மணிக்கு மேல் அமர்ந்திருப்பவர் கழுகுகளின் நெடுஞ்சாலை ஓரத்தில் அமர்ந்திருக்கிறார் என்றே கொள்ளலாம்.

இங்குப் பெருந்தொகையாகக் கடந்து செல்வது புல்வெளிக் கழுகு. மங்கோலியா, கசக்ஸ்தான், தென் சைபீரியா ஆகிய நாடுகளின் எல்லையற்ற புல்வெளிகளில் இவ்வினம் வாழ்கிறது. மரம் அரிதான நாடு ஆகையால் பெரும்பாலும் தரையிலும் பாறைகளிலுமே கூடு கட்டுகிறது. அங்குள்ள தரை அணில்கள் அதன் முக்கிய இரை. குளிர்காலம் வந்ததும் அணில்கள் வளைக்குள் சென்று உறங்கிவிடுகின்றன. புல்வெளியைப் பனி மூடிவிடுகிறது. கழுகுக்கு அங்கே வேலை இல்லை. எனவே தெற்கே புறப்படுகிறது. இராஜஸ்தான், குஜராத், பாகிஸ்தான், அரபு நாடுகள், கிழக்கு ஆப்பிரிக்கா எனப் பல இடங்களில் இவ்வினத்துப் பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை இரண்டு மீட்டர் அளவு வரும். இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் நேபாளத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த பிரயன் ஹாட்ஜ்சன். 1833இல் அவர் விவரித்த பறவை நேபாளத்தில் கிடைத்தது ஆதலால், பிறந்த நாட்டின் பெயர் இன்றி, வழிப்போக்கனாய் வந்த நாட்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. வெளிமாநிலத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்து, சொந்த ஊருக்குச் சென்றால் 'டில்லிக்காரர்' என்றும் 'பம்பாய்க்காரர்' என்றும் அழைக்கப்படும் நம்மவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

வடக்கிலிருந்து தெற்கே செல்ல வேண்டிய பறவை, காங்கிராவில் கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது. இதுதான் இவ்விடத்து விந்தை. இந்தக் கிழக்கு மேற்குப் பயணத்தை நேபாளத்தில் கண்டு எழுதியவர் ராபர்ட் பிளெமிங். 1983இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் அக்கட்டுரை வெளியாயிற்று. பின்னர் 2001ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் யான் வில்லெம் டென் பெஸ்டன் என்பவர் தர்மசாலையில் அமர்ந்து நாள்தோறும் எண்ணி, ஆயிரக்கணக்கான கழுகுகள் அவ்வழியே கடப்பதைப் பதிவு செய்தார். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளின் தென்புறத்தில் தூலாகர்கா என்னுமிடத்தில் 2012 முதல் முறையான கணக்கெடுப்பு நடந்து வருகிறது.

மேற்கு நோக்கிச் செல்வதன் காரணம் காற்றில் இருக்கிறது. கனத்த உடலைக் கொண்ட கழுகு, புறாவைப் போல் சிறகடித்துக்கொண்டே நெடுந்தூரம் செல்லுமாயின் களைத்து விழுந்துவிடும். அது சிறகடித்துப் பறப்பதைவிட மிதந்து செல்வதையே விரும்புகிறது. காலை வெயில் மலைச்சரிவில் பட்டதும் பாறை சூடேறுகிறது. பாறையைத் தொட்ட காற்றும் சூடேறி மேலெழுகிறது. அந்தக் காற்றுத் தூணுக்குள் கழுகு புகுந்து, சிறகுகளை அசையாமல் விரித்து வைத்துக்கொண்டு, வட்டமிட்டு வட்டமிட்டு உயர்கிறது. உச்சியை அடைந்ததும் சிறகைச் சற்று ஒடுக்கிச் சாய்தளத்தில் இறங்குவதுபோல் நழுவி, அடுத்த காற்றுத் தூணை நாடுகிறது. இதற்கு மேலும் ஓர் உதவி உண்டு. சமவெளியிலிருந்து வீசும் காற்று மலைமதிலில் மோதி மேலே திரும்புகிறது. அந்த ஓட்டத்தின் மேல் ஏறிக்கொண்டால் வட்டமிடவும் வேண்டியதில்லை. தெற்கு நோக்கிய இமயச் சரிவு நெடுகிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. கட்டணமின்றி ஓடும் வண்டி இருக்கும்போது நடந்து செல்வார் யார்?

காலை எட்டு மணி வரை மலை உறங்குவதுபோல் இருக்கும். பனியீரம் உலராத புல்லின்மேல் கம்பளத்தை விரித்து அமர்ந்தால், கீழே கிராமத்துச் சேவல் கூவுவதும் ஆட்டு மந்தையின் மணி ஒலிப்பதும்தான் கேட்கும். ஒன்பதரைக்கோ பத்துக்கோ, கிழக்கே ஒரு முகட்டின் மேல் புள்ளி ஒன்று தோன்றும். அதைக் காகம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அது சிறகடிக்கிறதா என்று பார்த்தால் அடிக்கவில்லை. புள்ளி இரண்டாகிறது, ஐந்தாகிறது. சிறிது நேரத்தில் அவை முகட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாய் வட்டமிட்டு, பின்பு ஒரே வரிசையாய் நம்மை நோக்கி நழுவி வருகின்றன. மலையின் தோளில் நிற்பதால் அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. சில கழுகுகள் நம் கண்மட்டத்திலேயே கடக்கும். சில நமக்குக் கீழே, பள்ளத்தாக்கின் மேல், முதுகில் வெயில் படும்படி செல்லும். கழுகின் முதுகைக் காண்பது சமவெளியில் வாழ்பவனுக்கு எளிதில் கிட்டும் பேறு அன்று. சிறகின் நுனியில் விரல்கள்போல் பிரிந்த இறகுகள் காற்றில் மெல்ல வளைவதும், தலையை இப்புறமும் அப்புறமும் திருப்பி அது நம்மைப் பார்ப்பதும் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஓசை ஒன்றும் இல்லை. கடந்துவிட்ட பின்னரே நாம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது நமக்குத் தெரிகிறது.

எல்லாம் கழுகே என்று மயங்கிவிடலாகாது. தவளதாரில் நிரந்தரமாக வாழும் இமாலயப் பாறுகள் உருவில் இன்னும் பெரியவை. வெளிறிய உடலும் குட்டை வாலும் கொண்டவை. அவை எங்கும் போவதில்லை. ஒரே மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும். எலும்பை விழுங்கும் தாடிப் பாறு ஆப்புபோன்ற நீண்ட வாலால் தன்னை உடனே காட்டிக்கொடுத்துவிடும். வால் நுனி பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து. தாழ்வாகச் சரிந்து செல்லும் மெல்லிய உருவம் பூனைப்பருந்தாக இருக்கலாம். பெயர் தெரியாதவற்றைப் பெயர் தெரியாதவை என்றே குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். ஊகித்துப் பெயரிடுவதால் ஏட்டின் அழகு கூடலாம், பயன் குறையும்.

கழுகுகளை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. எதிரே தெரியும் ஒரு சிகரத்தையோ தனித்து நிற்கும் தேவதாருவையோ எல்லையாகக் கொண்டு, அதிலிருந்து தெற்கே மனத்துக்குள் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். கிழக்கிலிருந்து மேற்காக அக்கோட்டைக் கடப்பதை மட்டுமே சேர்க்க வேண்டும். திரும்பி வந்ததைக் கழிக்க வேண்டும். காற்றுத் தூணில் சுழலும் கூட்டத்தை எண்ண முயல்பவர் தோற்றுப் போவார். முப்பது என்று எண்ணி முடிப்பதற்குள் முதற்பறவை மீண்டும் முன்னே வந்துவிடும். சுழற்சியை விட்டு வரிசையாக நழுவும்போது எண்ணுவதே வழி. மணிக்கு ஒரு தடவை எண்ணிக்கையையும் காற்றையும் மேகத்தையும் குறிக்க வேண்டும். மேகமே இல்லாத நீலவானம் பார்ப்பதற்கு அழகு. எண்ணுபவனுக்கு அது பகை. ஆழ்ந்த நீலத்தில் உயரப் பறக்கும் பறவை கரைந்து போய்விடும். பஞ்சுபோன்ற வெண்மேகம் ஒன்று பின்னால் இருந்தால் அதன்மேல் எழுதிய எழுத்துப்போல் தெரியும்.

இந்தக் கணக்கில் முக்கியமானது மொத்த எண்ணிக்கை மட்டும் அன்று. முதிர்ந்த புல்வெளிக் கழுகு முழுவதும் கரும்பழுப்பாக இருக்கும். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுக்கோ சிறகின் அடிப்புறத்தில், நீளவாக்கில், வெள்ளைப் பட்டை ஒன்று தெளிவாகத் தெரியும். வயது ஏற ஏற அப்பட்டை மறையும். கடந்து செல்லும் கழுகுகளில் எத்தனைக்கு வெள்ளைப் பட்டை உண்டு, எத்தனைக்கு இல்லை என்று குறித்துக்கொண்டால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மங்கோலியப் புல்வெளியில் அவ்வாண்டு கூடுகள் எப்படி இருந்தன என்பதற்குக் காங்கிரா மேட்டில் அமர்ந்தே ஒரு விடை கிடைத்துவிடுகிறது. வீட்டுக்கு வீடு சென்று கணக்கெடுக்க முடியாத ஒரு நாட்டின் மக்கள்தொகையை, அந்நாட்டார் அனைவரும் கடந்து செல்லும் ஒரு பாலத்தில் நின்று அறிந்துகொள்வது போன்றது இது.

இதன் அருமையை உலகம் முதலில் உணர்ந்தது அமெரிக்காவில் உள்ள ஒரு மலையில். பென்சில்வேனியா மாநிலத்தின் கிட்டாடினி மலைத்தொடரில், வேட்டைப் பறவைகள் இலையுதிர்காலத்தில் திரளாகக் கடக்கும் முகடு ஒன்று உண்டு. அக்காலத்தில் பருந்தும் கழுகும் தொல்லைப் பிராணிகளாகவே கருதப்பட்டன. 1929இல் அம்மாநில அரசு ஒரு வகைப் பெரும் பருந்தின் தலைக்கு ஐந்து டாலர் பரிசும் அறிவித்தது. வார விடுமுறைகளில் துப்பாக்கிக்காரர்கள் முகட்டில் வரிசையாக அமர்ந்து, கண்மட்டத்தில் மிதந்து வந்த பறவைகளைச் சுட்டுத் தள்ளினர். 1932இல் ரிச்சர்டு பவ் என்பவர் அங்குச் சென்று, இறந்த பறவைகளை வரிசையாகக் கிடத்திப் படம் பிடித்தார். அப்படங்களைக் கண்டு துடித்தவர் நியூயார்க்கில் வாழ்ந்த ரோசாலி எட்ஜ் என்னும் அம்மையார். 1934இல் அம்மலையையே குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரௌன் என்னும் இளைஞரைக் காவலுக்கு அமர்த்தினார். பின்னர் விலைக்கே வாங்கிவிட்டார். புரௌனின் மனைவி இர்மா நுழைவாயிலில் நின்று, துப்பாக்கியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். வேட்டை நின்ற முகட்டில் புரௌன் அமர்ந்து பறவைகளை எண்ணத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் இடைவெளி விழுந்தது தவிர, அக்கணக்கு இன்றுவரை தொடர்கிறது.

புரௌன் எண்ணிய காலத்தில் அக்கணக்கு எதற்குப் பயன்படும் என்று அவரைக் கேட்டிருந்தால், அவர் என்ன சொல்லியிருப்பாரோ! ரேச்சல் கார்சன் 1962இல் பூச்சிமருந்துகளைப் பற்றித் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டபோது அந்த மலைக் கணக்கைச் சான்றாக எடுத்து வைத்தார். 1935 முதல் 1939 வரை அங்குக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு நாற்பது இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு இருபது. 1957இல் மட்டும் 32 முதிர்ந்த பறவைகளுக்கு ஒரே ஓர் இளம்பறவை. கழுகுகள் அப்போதும் வானத்தில் பறந்துகொண்டுதான் இருந்தன. மேலோட்டமாகப் பார்ப்பவர் குறை ஒன்றும் கண்டிருக்க மாட்டார். குஞ்சுகள் இல்லை என்பதைச் சொன்னது மலையில் எழுதிய ஏடு. டிடிடி என்னும் பூச்சிமருந்து மீன்களின் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து முட்டையின் ஓட்டை மெலிவித்திருந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அமெரிக்கா 1972இல் அம்மருந்தைத் தடைசெய்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று நிகழ்ந்தது. அதைச் சொல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கழுகு என்ற ஒரே பெயரால் நம் வழக்கில் இரு வேறு இனங்களைக் குறிக்கிறோம். உயிருள்ள இரையைக் கொல்லும் ஆற்றல் பெற்றது ஒன்று. பிணத்தை உண்டு வாழும் பாறு மற்றொன்று. செங்கற்பட்டுக்கு அருகே திருக்கழுக்குன்றத்தில் நண்பகல்தோறும் மலைமேல் பண்டாரத்தின் கையிலிருந்து உணவு பெற்றுச் சென்ற 'கழுகுகள்' பாறு இனத்தவையே. மஞ்சள் முகமும் வெண்மையான உடலும் உடையவை. காசியையும் இராமேசுவரத்தையும் அவற்றோடு இணைத்துச் சொல்லும் கதைகளை நம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். பறவை வரவுக்காக மலையுச்சியில் மக்கள் கூடிக் காத்திருக்கும் வழக்கம் தமிழனுக்குப் புதிதன்று என்பதற்கு அத்தலமே சாட்சி. இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அவை வருவது நின்று போயிற்று. ஊரார் பலர் அதைக் கலியின் கோலம் என்று சொல்லி அமைந்தனர்.

அதே காலத்தில் நாடெங்கும் பாறுகள் மறைந்துகொண்டிருந்தன. இராஜஸ்தானத்தில் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்னும் அறிஞர் 1980களின் பிற்பகுதியில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். பத்தாண்டுகளுக்குள் அவர் மீண்டும் எண்ணியபோது கூடுகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன; மரக்கிளைகளில் பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டுச் சோர்ந்து இறந்துகொண்டிருந்தன. பழைய ஏடு கையில் இல்லாதிருந்தால் வீழ்ச்சி எவ்வளவு என்பதை எவரும் உரைத்திருக்க முடியாது. 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் அவ்வினம் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு அருகிவிட்டது. காரணம் 2004இல் வெளியாயிற்று. மாடுகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, அம்மாடு இறந்தபின் அதை உண்ட பாறின் சிறுநீரகத்தைச் சிதைத்துவிடுகிறது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான மாட்டுப் பிணங்களில் அந்நஞ்சு இருந்தாலே இனம் முழுவதும் அழியப் போதுமானது என்று கணக்கிட்டார்கள். 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. மெலாக்சிகம் என்னும் தீங்கற்ற மாற்று மருந்தும் உண்டு. 2023இல் அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் என்னும் வேறு இரு மருந்துகளும் தடைசெய்யப்பட்டன. தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் சில பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன.

பாறுக்கு நேர்ந்தது பாறோடு நின்றுவிடவில்லை. குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் புல்வெளிக் கழுகு இங்கே தரை அணிலைத் தேடி அலைவதில்லை. எளிதாகக் கிடைக்கும் பிணத்தையே நாடுகிறது. இராஜஸ்தானத்தில் பிகானேருக்கு அருகே ஜோர்பீர் என்னுமிடத்தில் இறந்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடும் பரந்த வெளி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் கழுகுகளும் பாறுகளும் அங்குத் திரளாகக் கூடுகின்றன. வேலிக்கம்பங்களிலும் மணல்மேடுகளிலும் அவை அமர்ந்திருக்கும் காட்சியைக் காண வெளிநாட்டாரும் வருகிறார்கள். இராஜஸ்தானத்தில் இறந்து கிடந்த இரண்டு புல்வெளிக் கழுகுகளைச் சோதித்ததில் அவற்றின் உடலில் டைக்ளோஃபெனாக் காணப்பட்டது என்றும், பாறுகளைக் கொன்ற அதே சிறுநீரக நோய் அவற்றிலும் இருந்தது என்றும் 2014இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதாவது, தடை வந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் அம்மருந்து எங்கோ ஒரு மாட்டின் நரம்பில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. மனிதருக்காகச் செய்த மருந்தை மாட்டுக்குப் போடுவது எளிது என்பதால், 2015இல் பெரிய குப்பிகளில் அதை விற்பதையும் அரசு நிறுத்தியது. அதே ஆண்டில் புல்வெளிக் கழுகு உலகளவில் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மின்கம்பிகளில் பட்டு இறப்பதும், புல்வெளிகள் உழுநிலமாக மாறுவதும் அதற்குரிய பிற காரணங்கள்.

காங்கிரா மேட்டில் அமர்ந்து வெள்ளைப் பட்டையை எண்ணுவதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாததன் காரணம் இதுவே. பாறுகளை நாம் இழந்தபோது பரத்பூர் போன்ற ஓரிரு இடங்களின் ஏடே நமக்குத் துணையாக இருந்தது. இமயத்தின் வழியே செல்லும் கழுகுகளுக்கு அத்தகைய ஏடுகள் இப்போதுதான் எழுதப்படுகின்றன. ஓராண்டுக் கணக்கு எதையும் நிலைநாட்டாது. காற்று மாறினாலே எண்ணிக்கை மாறிவிடும். அதே மேடு, அதே மாதம், அதே கோடு எனப் பத்து இருபது ஆண்டுகள் எண்ணினால்தான் அதற்கு நா முளைக்கும்.

கிழக்குக் கோடியிலும் இதுபோன்ற மலை ஒன்று உண்டு. அதன் கதை கிட்டாடினிக் கதையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. நாகாலாந்தில் வோக்கா மாவட்டத்தில் தொயாங் ஆற்றின் அணைக்கட்டு நீர்த்தேக்கம் உள்ளது. சைபீரியாவின் தென்கிழக்கிலிருந்தும் வடசீனத்திலிருந்தும் தென்னாப்பிரிக்கா நோக்கிச் செல்லும் அமூர் வல்லூறு, ஐப்பசியில் அங்கே இறங்கி, மண்ணினின்று எழும் ஈசலை உண்டு கொழுத்துக்கொள்கிறது. எடை ஏறக்குறைய 150 கிராம். 2012இல் பானோ ஹரலு என்னும் பத்திரிகையாளரும் நண்பர்களும் அங்குச் சென்றபோது, மீன்வலைகளைக் காட்டில் விரித்து வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் பிடிப்பதையும், இறகு பறித்து விற்பதையும் கண்டு உலகுக்குத் தெரிவித்தனர். அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இறந்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டே பாங்டி முதலிய கிராமங்களின் மன்றங்கள் கூடி வேட்டையைத் தடுத்தன. 2013இல் ஒரு வலையும் விரிக்கப்படவில்லை. இவ்வளவு விரைவில் ஒரு மக்கட்கூட்டம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டதை நாம் வேறெங்கும் கண்டதில்லை. வலையினால் வந்த வருமானத்தை இழந்தவர்கள் ஏழைகள் என்பதையும் மறக்கலாகாது. அவ்வாண்டு நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டார்கள். அவை இந்தியாவைக் குறுக்காகக் கடந்து, அரபிக்கடலின் மேல் எங்கும் இளைப்பாறாமல் பறந்து, ஆப்பிரிக்கக் கரையை அடைந்ததை உலகம் கண்டது.

மலையேற எல்லாருக்கும் வசதி வாய்க்காது. தம் ஊரில் இருந்தபடியே பார்க்க விரும்புவோருக்குச் சில சொல்வோம். டில்லியில் இருப்பவர்கள் கார்த்திகை முதல் மாசி வரை காசிப்பூர்க் குப்பைமேட்டின் திசையில் நோக்கினால் கரும்பருந்துகள் கரிய புகைபோல் சுழல்வதைக் காணலாம். அவற்றில் பல நம் ஊர்ப் பருந்துகள் அல்ல. கசக்ஸ்தான், ரஷ்யா, சீனம், மங்கோலியா ஆகிய நாடுகள் கூடும் பகுதியிலிருந்து காரகோரம் மலையைத் தாண்டி வந்து குளிர்காலத்தைக் கழிப்பவை. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் இது தெரியவந்தது. கூட்டத்தினிடையே உருவில் பெரியதாய், வால் பிளவுபடாததாய் ஒன்று மிதந்தால் புல்வெளிக் கழுகா என்று உற்று நோக்குக. மும்பையிலும் புனேயிலும் உள்ளவர்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதலிலும் லோனாவளாப் புல்மேடுகளுக்குச் செல்லலாம். நாகாலாந்திலிருந்து வரும் வல்லூறுகள் கடலைத் தாண்டுமுன் அங்கே தட்டானைப் பிடித்து உண்பதைக் காணும் வாய்ப்பு உண்டு. கொல்கத்தாவிலும் அசாமிலும் உள்ளவர்களுக்குத் தொயாங்கே அருகில். தர்மசாலையிலும் யோலிலும் பாசறைகளில் பணிபுரியும் நம் தமிழ் வீரர்களுக்கு வழியே சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அணிவகுக்கும் மைதானத்துக்கு மேலேதான் கழுகு வழி.

கையில் ஒரு பைனாகுலர், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், வெயிலுக்கு ஒரு தொப்பி, வயிற்றுக்குப் புளிச்சோறோ தயிர்ச்சோறோ இருந்தால் போதும். அக்டோபர் மூன்றாம் வாரம் முதல் நவம்பர் நடு வரை காங்கிராவில் ஓட்டம் மிகுதியாக இருக்கும். அப்போது தவறவிட்டவர்கள் மாசி, பங்குனியில் செல்லலாம். அதே கழுகுகள் அதே மதிலை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காகத் திரும்பிக்கொண்டிருக்கும்.